இளையோர் நூலும் முதியோர் நெஞ்சும்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் செல்லும் பழைய சாலையில் செமோர் என்னும் சிற்றூர் உள்ளது. ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களும் இரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்திருந்த ஊர் அது. இன்று தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அத்தகைய வீடொன்றின் முன்கூடத்தில், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மாலைதோறும் நூலும் கையுமாக அமர்ந்திருப்பார். எழுபது அகவையைக் கடந்தவர். பண்டை இலக்கியங்களில் தோய்ந்தவர். ஆயினும் அன்று அவர் கையில் இருந்தது, இடைநிலைப்பள்ளியில் பயிலும் பேத்தி கொண்டுவந்திருந்த ஆங்கிலக் கதைநூல்.

காண வந்த பழைய நண்பர் அட்டையைப் பார்த்து நகைத்தார். "என்ன வாத்தியாரே, சங்க இலக்கியம் படித்த கண்ணுக்குச் சின்னப் பிள்ளைகள் கதையா கேட்கிறது?" ஆசிரியர் புன்னகையோடு நூலைக் கவிழ்த்து வைத்தார். நண்பர் விடைபெற்ற பின்னரே மீண்டும் கையில் எடுத்தார்.

இவ்வாறு மறைத்துப் படிப்பவர் அவர் ஒருவர் மட்டுமா? அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, பன்னிரண்டு முதல் பதினேழு அகவையினர்க்கென வெளியிடப்படும் நூல்களை வாங்குவோரில் 55 விழுக்காட்டினர் பதினெட்டும் அதற்கு மேலும் அகவையுடையோர் எனக் கண்டது. அவர்களுள் பெரும்பாலோர் தாம் படிக்கவே வாங்கினர். 2014இல், பெரியவர்கள் இதற்காக நாணவேண்டும் என்று ஒருவர் எழுத, பெரும் வாதமே மூண்டது. தமிழர்க்கும் இது புதிதன்று. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', மக்களின் பெயர்களை இரண்டெழுத்தாகச் சுருக்கி, பிள்ளை பெறுவதற்கும் அனுமதி கேட்கச் செய்யும் ஓர் ஆட்சியைக் காட்டியது. ஜீனோ என்னும் இயந்திர நாய்க்காகப் பிள்ளைகள் அதைப் படித்தனர். பெற்றோரும் அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தனர்.

ஆசிரியர் கையிலிருந்த நூல், சுசான் காலின்ஸ் 2008இல் வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்'. தலைநகர் ஒன்று பன்னிரண்டு மாவட்டங்களை அடக்கி ஆள்கிறது. ஒவ்வொரு மாவட்டமும் ஒரு பொருளை விளைவித்துத் தலைநகருக்கு அனுப்பவேண்டும். ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் சீட்டுக் குலுக்கி எடுத்த ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் களத்தில் விடப்பட்டு, ஒருவரே எஞ்சும்வரை பொருதவேண்டும். வறியோர் வீட்டுப் பிள்ளை கூடுதல் தானியம் பெற விரும்பினால், சீட்டில் தன் பெயரைக் கூடுதலாக எழுதவேண்டும். ஊரைச் சுற்றிலும் கம்பிவேலி.

அந்த வேலியைப் படித்த இடத்தில்தான் ஆசிரியரின் கண்கள் நின்றுவிட்டன.

1948 ஜூன் 16ஆம் நாள், செமோருக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம், 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு சென்று சேராதிருக்க, ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சீனர். தோட்டத்துத் தமிழரின் லயங்களைச் சுற்றியும் முள்வேலி எழுந்தது. அரிசி அளந்து தரப்பட்டது. வாயிலில் சோதனை நடந்தது. ஆசிரியரின் தாயார் விடியுமுன் பால் வெட்டப் புறப்படுகையில் ஒரு பிடி சோறும் கொண்டுபோக இயலாது. காலையில் குடித்த கோப்பியே நண்பகல்வரை அவருக்கு ஆதாரம். வேலிக்குப் பின்னே நின்று, தாய் சோதிக்கப்படுவதைப் பார்த்த சிறுவன்தான் பிற்காலத்தில் ஆசிரியரானார்.

இச்செய்தியை அவர் தம் மக்களிடம் கூறியதே இல்லை. லயத்தில் பிறந்தவர் என்று சொல்லக் கூசிய காலமும் அவர் வாழ்வில் இருந்தது. மேடைதோறும் தமிழின் பெருமையைப் பேசியவர், தாயின் பசியைப் பேசவில்லை.

நூலைத் திருப்பிக் கேட்க வந்த பேத்தி வினவினாள்: "தாத்தா, உண்மையில் இப்படி நடக்குமா?"

"நடந்ததம்மா. இதே செமோரில் உன் கொள்ளுப்பாட்டி இப்படி ஒரு வேலிக்குள்தான் இருந்தார்" என்றார் ஆசிரியர். இரவு உணவு ஆறும்வரை பேச்சு நீண்டது. அடுப்படியில் நின்றிருந்த மகனும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டான்.

இளையோர்க்கான இக்கதைகளில் குறையே இல்லை எனக் கூறுவதற்கில்லை. தீமை முழுவதையும் ஒரு கொடுங்கோலன் தலையில் ஏற்றி, அவன் வீழ்ந்ததும் விடியல் வந்ததாகக் காட்டும் கதைகள் பல. ஆசிரியர் அறிந்த வேலி எவருடைய அம்பாலும் வீழவில்லை. அவசரகாலம் முடிந்து அது அகற்றப்பட்டது. லயமும் குறைந்த கூலியும் எஞ்சின. பின்னாளில் தோட்டமே விற்கப்பட்டபோது, வேலியின்றியே மக்கள் சிதறினர். பேத்தி அந்நூலில் துணிவைப் பெற்றாள். துணிவுக்குப் பின்னும் தொடரும் நெடுங்காலத்தை அவளுக்குச் சொல்லப் பாட்டனார் வேண்டியிருந்தது. முதியோர் இளையோர் நூலைப் படிப்பதால் விளையும் பயன் இதுவன்றோ!

மறுவாரம் நண்பர் மீண்டும் வந்தார். தொடர்கதையின் இரண்டாம் நூல் மேசைமீது அட்டை தெரியக் கிடந்தது. ஆசிரியர் அதனைக் கவிழ்த்து வைக்கவில்லை. நண்பரும் தோட்டத்தில் பிறந்தவர்தாம். சற்று நேரம் அட்டையையே நோக்கியிருந்தவர், "முதல் நூல் வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்டார்.