பாரம் யார் பக்கம்?

ஓர் இரும்புத் தண்டின் விலையும் ஒரு மனித உயிரின் விலையும் ஒரே கணக்கேட்டில் அடுத்தடுத்த வரிகளாக எழுதப்படுவதுண்டு. இது மிகைக்கூற்று என எண்ணும் அன்பர்கள், மோட்டார் காரின் அடியிலே எவர் கண்ணிலும் படாமற் கிடக்கும் ஒரு சிறு உறுப்பின் கதையைச் சற்றுப் பொறுமையோடு கேட்டல் வேண்டும். இலக்கியப் பத்திரிகையிலே இயந்திரத்துக்கு என்ன இடம் என்ற வினாவும் எழக்கூடும். மனிதனுடைய வாழ்வையும் சாவையும் எது தீர்மானிக்கின்றதோ அது இலக்கியக்காரனுக்கும் ஆசிரியனுக்கும் உரிய பொருளே என்பது எமது துணிபு.

கார் வளைவிலே திரும்பும்போது அதன் உடல் வெளிப்பக்கமாகச் சாய்வதை யாவரும் அறிவோம். இச்சாய்வைக் கட்டுப்படுத்துவதற்கென இடது சில்லையும் வலது சில்லையும் இணைத்து ஓர் உருக்குத் தண்டு பொருத்தப்படுகின்றது. முன்னால் ஒன்றும், பல கார்களிற் பின்னால் மற்றொன்றுமாக இது அமைந்திருக்கும். கராச்சுகளில் இதனை ‘ஸ்ரெபிலைசர் பார்’ என்பர். சாய்வுத் தடுப்புத் தண்டு என நாம் தமிழிற் கூறலாம். கனடா நாட்டவரான ஸ்டீபன் கோல்மன் என்பார் 1919ஆம் ஆண்டிலே இதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று.

இத்தண்டு தொழிற்படும் விதத்தை விளக்குவதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. மாணவனின் கையிலுள்ள பிளாஸ்ரிக் அடிமட்டமே போதும். அதன் இரு நுனிகளையும் பிடித்து, இரண்டையும் ஒரே திசையில் ஒருங்கே திருப்பினால் அது எவ்வித எதிர்ப்புமின்றித் திரும்பும். ஒரு நுனியை ஒரு திசையிலும் மறு நுனியை எதிர்த்திசையிலும் முறுக்கினால், அது எதிர்த்து நிற்கும். விட்டவுடன் பழைய நிலைக்கு மீளும். காரிலுள்ள தண்டும் இவ்வாறே. அதன் நடுப்பகுதி றப்பர் உறைகளுக்குள் உருளக்கூடியதாகக் காரின் உடலோடு பொருத்தப்பட்டிருக்கும். மடிந்த இரு நுனிகளும் சில்லுகளைத் தாங்கும் கைகளோடு பிணைக்கப்பட்டிருக்கும். தெருவின் குறுக்கேயுள்ள மேட்டில் இரு சில்லுகளும் ஒன்றாக ஏறி இறங்கும்போது தண்டு உறைக்குள்ளே வெறுமனே உருளும். வளைவிலே ஒரு சில்லு உயர்ந்து மறு சில்லு தாழும்போதே அது முறுகிச் சாய்வை எதிர்க்கும்.

இவ்வளவோடு நின்றால் இது வெறும் இயந்திரப் பாடம். ஆனால் இத்தண்டு செய்யும் வேலையின் உட்பொருள் வேறு. வளைவிலே உட்புறச் சில்லுகளிலிருந்து வெளிப்புறச் சில்லுகளுக்கு மாறும் பாரத்தின் மொத்த அளவைத் தீர்மானிப்பவை காரின் நிறை, அதன் ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சில்லுகளுக்கு இடையிலான அகலம், திரும்பும் கடுமை என்பனவாம். அந்த மொத்தத்தைத் தண்டு குறைப்பதில்லை. முன் அச்சு எவ்வளவு ஏற்கும், பின் அச்சு எவ்வளவு ஏற்கும் என்பதையே அது மாற்றியமைக்கின்றது. கராச்சொன்றிலே தொழில் புரியும் எமது பழைய மாணவர் ஒருவரிடம் நாம் இதுபற்றி உசாவியபோது, அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சேர், உது பாரத்தைக் குறைக்காது. ஆர் எவ்வளவு சுமக்கிறது எண்டு பங்குபோடும். அவ்வளவுதான்.” பொருளியல் நூல்கள் பல நூறு பக்கங்களிற் சுற்றிவளைத்துக் கூறும் ஓர் உண்மையை அந்தத் தொழிலாளி இரண்டு வாக்கியங்களிற் கூறிவிட்டார்.

இந்தப் பங்கீடு ஏன் முக்கியமாகின்றது? ரயரின் மீது இருமடங்கு பாரத்தை ஏற்றினால் அது தெருவைப் பற்றும் பிடி இருமடங்காவதில்லை. அதனிலும் குறைவாகவே கூடும். ஆதலால் எந்த அச்சிலே உட்சில்லுக்கும் வெளிச்சில்லுக்கும் இடையிற் பார வேறுபாடு மிகுகின்றதோ, அந்த அச்சு தன் பிடியில் ஒரு பகுதியை இழந்துவிடும். முன் தண்டைத் தடிப்பாக்கினால் காரின் முகம் வளைவுக்கு வெளியே தள்ளப்பட முனையும். பின் தண்டைத் தடிப்பாக்கினால் வால் வழுக்கிச் சுழல முனையும். முன்னது சாதாரண சாரதிக்கு ஓரளவு சமாளிக்கக் கூடியது. பின்னது கைதேர்ந்தவனையும் திகைக்க வைப்பது.

காரை விரும்பும் இளைஞர்கள் இன்று தடித்த தண்டுகளை வாங்கி மாற்றுகின்றார்கள். வளைவிலே காரைத் தம் சொற்படி கேட்கச்செய்யும் ஆசையை நாம் பழிக்கமாட்டோம். அது பொறியியலின் மீது கொண்ட காதலே. ஆனால் கணக்கு அறிந்து செய்தல் வேண்டும். தண்டின் முறுக்கெதிர்ப்பு அதன் விட்டத்தின் நான்காம் வலுவோடு உயர்கின்றது. 20 மில்லிமீற்றர்த் தண்டுக்குப் பதிலாக 22 மில்லிமீற்றர்த் தண்டைப் போட்டால் எதிர்ப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடும். 24 ஆக்கினால் இருமடங்கையும் தாண்டும். அளவு மீறினால் வளைவிலே உட்சில்லு தெருவை விட்டு எழும். குண்டும் குழியுமான தெருவிலே ஒரு சில்லு பட்ட அடி மறு சில்லுக்கும் போய்ச்சேரும். கரடுமுரடான நிலத்திலே ஓடுவதற்கென ஆக்கப்பட்ட சில வாகனங்களில் தண்டின் பிணைப்பைக் கழற்றிவிடும் வசதி இருப்பது இதனாலேயே. பழைய கார்களிலே தேய்ந்த றப்பர் உறைகளையும் நுனிப் பிணைப்புகளையும் மாற்றினாலே பாதிக்குறை தீர்ந்துவிடுவதும் உண்டு.

இனி நாம் கூறவந்த கதைக்கு வருவோம். 1959ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலே கோர்வேயர் என்னும் சிறு காரைச் சந்தைக்கு விட்டது. விலை ஏறத்தாழ 2,000 டொலர். அதன் எஞ்சின் பின்னால் இருந்தது; ஆகவே நிறையின் பெரும்பங்கு பின் அச்சின் மீது விழுந்தது. அப்பின் அச்சோ நடுவில் மட்டும் மூட்டுடைய இரு துண்டுகளாக ஊசலாடும் வகையைச் சேர்ந்தது. கடுமையாகத் திரும்பும்போது வெளிப்புறப் பின்சில்லு காரின் அடியை நோக்கி மடியவும், அதனாற் பின்னுடல் மேலே கிளம்பவும் கூடும். இத்தகைய காருக்கு முன்புறத்தில் ஒரு சாய்வுத் தடுப்புத் தண்டு பொருத்தினால், பாரமாற்றத்தில் அதிக பங்கை முன் அச்சு ஏற்றுக்கொள்ளும். பின் அச்சு அந்த அளவுக்குக் காப்பாற்றப்படும். 1919இலேயே காப்புரிமை பெற்ற அந்தத் தண்டு 1960 முதல் 1963 வரையிலான கோர்வேயர்களிலே பொது உறுப்பாக இடம்பெறவில்லை.

காரணம் அறியாமையன்று. அந்நிறுவனத்தின் உயர்பதவியில் இருந்த ஜோன் டிலோரியன் கூறியவற்றைக் கொண்டு 1979இல் வெளிவந்த நூலொன்று இதனை விளக்குகின்றது. செவ்ரோலேப் பிரிவின் தலைமையை ஏற்ற நுட்சன் தண்டைப் பொருத்த அனுமதி கோரினார். காரொன்றுக்கு ஏறத்தாழ 15 டொலர் செலவாகும். மேலிடம் அது அதிகம் என மறுத்தது. பதவி விலகுவேன் என அவர் நின்ற பின்னரே மேலிடம் இணங்கியது என அந்நூல் கூறுகின்றது. நிறுவனத்து உயர் அதிகாரிகள் சிலரின் வீட்டுப் பிள்ளைகளே இக்காரில் விபத்துக்குள்ளானதாகவும் அது தெரிவிக்கின்றது. 1964ஆம் ஆண்டு மாதிரியிலே முன்தண்டு வந்தது; 1965இல் பின் அச்சின் அமைப்பே மாற்றப்பட்டது.

காரின் விலையில் 15 டொலர் நூற்றுக்கு ஒன்றுகூட ஆகாது. மிச்சம் பிடிக்கப்பட்ட அந்தப் பாரம் எங்கே போயிற்று? காரை வாங்கியவனின் தலையிலே போய் விழுந்தது. முன் ரயர்களில் சதுர அங்குலத்துக்கு 15 றாத்தலும், பின் ரயர்களில் 26 றாத்தலுமாகக் காற்றழுத்தத்தைப் பேணுமாறு அவனுக்குக் கூறப்பட்டது. தொழிற்சாலையிலே ஒரு தண்டு செய்ய வேண்டிய வேலையை, காற்றடிக்கும் பையனும் காரோட்டும் குடும்பத்தலைவனும் ஒவ்வொரு கிழமையும் செய்ய வேண்டியதாயிற்று. முன்தண்டும் வன்மை கூடிய விற்சுருளும் அடங்கிய தொகுதியொன்று பின்னர் மேலதிகப் பணத்துக்குக் கிடைத்தது. வெளியார் சிலரும் பின்சில்லின் மடிவைத் தடுக்கும் துணையுறுப்புகளை விற்றனர். பந்தயம் ஓடும் ஆர்வலன் அவற்றை அறிந்து வாங்கினான். கடைக்குப் போய்வரக் கார் வாங்கிய தாய்க்கு அத்தகைய பொருள் உண்டென்பதே தெரியாது. அறிவும் பணமும் உடையவனுக்குப் பாதுகாப்பு, ஏனையோருக்கு அதிட்டம்!

1965இலே ரால்ஃப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர் ‘எவ்வேகத்திலும் ஆபத்து’ எனப் பொருள்படும் தலைப்பிலே நூலொன்றை வெளியிட்டார். அதன் முதல் அத்தியாயமே கோர்வேயரைப் பற்றியது. பதில் கூற வேண்டிய நிறுவனம் அவரின் பின்னே துப்பறிவோரை ஏவியது. அவருடைய சொந்த வாழ்விலே கறை தேடியது. உண்மை வெளிப்பட்டதும், 1966 மார்ச்சு 22ஆம் நாள் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் றோச் செனற் சபைக் குழுவின் முன்னே மன்னிப்புக் கோர நேர்ந்தது. அவ்வாண்டு செப்தெம்பர் 9ஆம் நாள் வாகனப் பாதுகாப்புச் சட்டத்திலே ஜனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்டார். வாகனம் எப்படி அமைய வேண்டும் என விதிக்கும் உரிமை அன்று அரசின் கைக்கு வந்தது. நேடர் தொடுத்த வழக்கும் 1970இலே 4,25,000 டொலர் இழப்பீட்டோடு தீர்ந்தது. அப்பணத்தை அவர் மக்கள் நலப் பணிகளுக்கே செலவிட்டார்.

நேர்மை கருதி மற்றொன்றையும் கூறல் வேண்டும். 1972இலே அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, 1960–63 கோர்வேயரின் நடத்தை அக்காலத்து வேறு சில கார்களினும் மோசமானதன்று என முடிவு செய்தது. நேடர் அதனை ஏற்கவில்லை. நிறுவனத்தின் ஆதரவாளர்கள் அதனை இன்றுவரை காட்டுகின்றனர். அம்முடிவை ஏற்றுக்கொண்டாலும் எமது வினா அழிவதில்லை. பக்கத்துக் கடைக்காரனின் நிறுவையும் இப்படித்தான் என்பது நிறுவை சரியென்பதற்குச் சான்றாகுமா? சந்தையில் நின்ற கார்களோடு மட்டுமன்றி, அந்த 15 டொலரைச் செலவிட்டிருந்தால் உருவாகியிருக்கக்கூடிய காரோடும் ஒப்பிடுதலே முறை. அக்கார் கற்பனையன்று, 1964இலே தெருவில் ஓடிற்று.

ஆகவே தம் காரின் தண்டை மாற்றும் இளைஞரை நாம் தடுக்கவில்லை. கற்று மாற்றட்டும், மாற்றியபின் கவனமாக ஓட்டிப் பார்க்கட்டும். ஆனால் தனிமனிதன் தன் பணத்தாலும் அறிவாலும் தேடிக்கொள்ளும் திருத்தம் அவனோடு நின்றுவிடும். சட்டமாக வருவதே எல்லோருடைய காரிலும் ஏறும். கார் வழுக்கும்போது ஒவ்வொரு சில்லின் பிறேக்கையும் தனித்தனியே இயக்கி அதனை நேர்ப்படுத்தும் மின்னணு ஏற்பாடு ஆரம்பத்திலே விலையுயர்ந்த கார்களின் தனிச்சிறப்பாக இருந்தது. அமெரிக்காவிலே 2012ஆம் ஆண்டு மாதிரி முதல் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயமாகியது. விற்பனைப் பட்டியலில் மேலதிக வசதியாகக் கிடந்தது, விதிநூலில் உரிமையாக மாறிற்று. இம்மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் கேள்வி கேட்டவர்கள், கேட்டதற்காகத் துரத்தப்பட்டவர்கள்.

விபத்துச் செய்திகளின் முடிவிலே ‘சாரதியின் கவனயீனம்’ என்னும் இரு சொற்கள் பெரும்பாலும் ஆயத்தமாக நிற்கின்றன. சில வேளைகளில் அவை உண்மையே. எனினும் அச்செய்தியை வகுப்பிலே வாசிக்கும் ஆசிரியர்கள் மாணவரிடம் இன்னும் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: அந்த வாகனத்திலே இருந்திருக்க வேண்டிய எது இல்லாமற் போயிற்று, அதனால் மிஞ்சிய பணம் எவருடைய பையிலே சேர்ந்தது? அடிமட்டத்தை முறுக்கிப் பார்த்த மாணவன் இவ்வினாவுக்கும் விடை தேடப் பழகுவானாயின், அவன் கற்ற பௌதிகம் வீண்போகாது.