ஹார்வர்டா, பிரின்ஸ்டனா?

எம்.ஐ.டி. மாணவர் ரிச்சர்ட் ஃபெயின்மன் 1939-ல் புட்னம் கணிதப் போட்டியில் ஜெயித்தார். பரிசாக ஹார்வர்டில் உதவித்தொகையோடு மேற்படிப்பு. யாராவது வேண்டாம் என்பார்களா? அவர் என்றார்! பிரின்ஸ்டன் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதுவும் அரைமனதோடுதான். எம்.ஐ.டி.யிலேயே இருந்துவிட ஆசைப்பட்டவரை, வெளியுலகத்தையும் பார் என்று துரத்தியது பேராசிரியர் ஸ்லேட்டர்.

போனதும் சைக்ளோட்ரானைத் தேடினார். எம்.ஐ.டி.யில் அது பளபளவென்று இருக்கும். இங்கே அடித்தளத்தில், எங்கே பார்த்தாலும் வயர், சொட்டுகிற தண்ணீர்... ஒரே குப்பை! ஆனால் ஆய்விதழ்களில் இந்தக் குப்பையின் முடிவுகள்தான் அதிகம் வந்துகொண்டிருந்தன. கையால் நோண்டிப் பார்க்கிறவர்களின் இடம் இது என்று அவருக்குச் சட்டெனப் புரிந்துவிட்டது. (தரவரிசைப் பட்டியலில் இதற்கெல்லாம் ஏது மதிப்பெண்?) வழிகாட்டியாக வாய்த்த ஜான் வீலருக்கும் அப்போது முப்பதுகூட ஆகவில்லை. 1942-ல் அவரிடமே முனைவர் பட்டத்தை முடித்தார்.