ஓட்டோபானில் சைக்கிள்

ஜூன் மாதத்து முதல் ஞாயிறன்று பேர்லின் நகரத்தின் எல்லாத் திக்குகளிலிருந்தும் சைக்கிள்காரர் புறப்பட்டு நடுநகருக்கு வருவார்கள். அயலிலுள்ள பிறாண்டன்பேர்க் மாநிலத்து ஊர்களிலிருந்துகூட விடியவே வெளிக்கிட்டு, வழிவழியே ஆள் சேர்த்து, கடைசியில் எல்லோரும் ஓரிடத்தில் வந்து கூடுவார்கள். வரைபடத்தில் பார்த்தால் நட்சத்திரத்தின் கதிர்கள் மாதிரி இருக்கும் என்பதால் இதற்கு ஸ்ரேர்ன்பார்ட், அதாவது நட்சத்திர ஓட்டம் என்று பெயர். நடத்துவது 1979இல் தொடங்கப்பட்ட ஜேர்மன் சைக்கிள்காரர் சங்கம். ஓட்டம் என்றாலும் போட்டியில்லை. பொலிசுக்கு முறைப்படி அறிவித்துச் செய்கிற ஊர்வலம். அதனால்தான் மற்ற நாட்களில் சைக்கிளின் முன்சில்லுப் பட்டாலே குற்றமாகிற ஓட்டோபானில்கூட அன்றைக்குக் கார்களை மறித்துவிட்டு எங்களை ஏற விடுகிறார்கள்.

எங்களை என்று எழுதுவதற்கு எங்களுக்குக் கனகாலம் பிடித்தது. வருசாவருசம் இந்தச் சனத்தை நாங்கள் றெஸ்ரோறன்ற் வாசலில் நின்று பார்த்திருக்கிறோம். கையில் தக்காளிப் பெட்டியோ குப்பைப் பையோ இருக்கும். ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும், பத்து மணிக்கே வெங்காயம் உரிக்க நிற்கவேண்டும். சைக்கிள் ஓடுவது வெள்ளைக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. எங்களுக்கோ அது இரவு ஒரு மணிக்கு, கடைசிச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நனைந்த சப்பாத்தோடு வீட்டுக்குப் போகிற வழி. குளிர்காலத்தில் கைவிரல் பிறேக்கில் விறைத்துப்போய்க் கிடக்கும். சைக்கிள் பாதை வேண்டும் என்று இந்த நகரத்தில் யாராவது கேட்பதானால் முதலில் நாங்கள்தான் கேட்டிருக்கவேண்டும். 2016இல் இதற்காக ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளை ஒரு மாதத்துக்குள் சேர்த்தார்கள். 2018இல் பேர்லினுக்கென்று ஒரு போக்குவரத்துச் சட்டமும் வந்தது. அந்தக் கையெழுத்துகளில் எங்களுடையது ஒன்றும் இல்லை. வாக்குரிமை இல்லாதவனின் கையெழுத்து அந்தத் தாளில் செல்லாது.

எங்களில் ஒருவரை 2019 மார்கழியில் ஒரு கார்க்கதவு அடித்து விழுத்தியது. நிறுத்தியிருந்த காரிலிருந்து இறங்கியவர் பின்னால் பாராமல் கதவைத் திறந்துவிட்டார். தோள்மூட்டு விலகி மூன்று கிழமை வேலையில்லை. முதலாளி நல்ல மனிதர், பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். சம்பளம் மட்டும் வரவில்லை. இப்படி அடிபட்டுச் செத்துப்போனவர்களின் நினைவுக்கு, விழுந்த இடத்திலேயே ஒரு சைக்கிளுக்கு வெள்ளை பூசி நிறுத்திவைப்பது இங்கே வழக்கம். இரவில் லைற் வெளிச்சம் படும்போது முதலில் தெரிவது அதுதான். அதைக் கடக்கும்போது நாங்கள் ஒருவருக்கும் சொல்லாமல் கொஞ்சம் மெதுவாகத்தான் போவோம்.

2023ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் திகதி நாங்கள் ஐந்து பேர் அந்த ஓட்டத்தில் சேர்ந்தோம். மூன்று குசினிகளிலிருந்து ஐந்து பேர். பின்னேரம் நான்கு மணிக்கு வேலையில் நிற்பது என்ற வாக்குறுதியின் பேரில் கிடைத்த அரைநாள் லீவு. மூத்தவர் 1985இல் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் ஏறி, மேற்கு பேர்லினுக்கு வந்துசேர்ந்த பழைய ஆட்களில் ஒருவர். தந்தூர் அடுப்புக்கு முன்னால் முப்பது வருசத்துக்கு மேல் நின்று கைமயிர் எல்லாம் கருகியவர். நாங்கள் இருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருசத்தோடு விட்டுவிட்டு வந்தவர்கள். ஒருவருக்குப் பௌதிகம், மற்றவருக்குப் பொருளியல். இப்போது இருவருக்கும் ஒரே துறை, வெங்காயம். நான்காமவர் அந்தத் தோள்மூட்டுக்காரர். ஐந்தாவது தம்பி எங்கள் எல்லோரிலும் இளையவன், வவுனியாப் பக்கம். அவனிடம் இருப்பது டுல்டுங். சகித்துக்கொள்ளுதல் என்று அதற்கு அர்த்தம். திருப்பி அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்கிறோம் என்று சொல்லுகிற தாள், மூலைக்கு மூலை சிவப்புக் கோடு இழுத்தது.

அவனைக் கூட்டிப்போவதா விடுவதா என்று முதல்நாள் இரவு பெரிய தர்க்கம் நடந்தது. பொலிஸ் நிற்கிற இடத்துக்கு டுல்டுங்காரன் தானாகப் போவதா? பொருளியல்காரர் அடிப்படைச் சட்டத்தைத் தேடி எடுத்தார். அதன் 8ஆம் உறுப்புரை கூட்டம் கூடுகிற உரிமையை எல்லா ஜேர்மனியருக்கும் கொடுக்கிறது. ஜேர்மனியருக்கு! பிறகு இன்னும் தேடி, 2021இல் பேர்லின் தனக்கென்று இயற்றிய சட்டம் அந்த உரிமையை எவருக்கும் தருகிறது என்று கண்டுபிடித்தார். மூத்தவர் சிரித்தார். "எங்கடை காலத்திலை நகரத்தை விட்டு வெளியிலை போறதுக்கே கடிதம் வேணும். 82ஆம் ஆண்டுச் சட்டம். பொட்ஸ்டாமிலை ஒரு கலியாணத்துக்குப் போக ஏலாமல் இருந்தனாங்கள். நீங்கள் சட்டம் படிச்சு சைக்கிள் ஓடுறியள்." தம்பி மட்டும் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். வாறன் என்பதற்கு அதுதான் அவனுடைய மறுமொழி.

சைக்கிள்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. மூத்தவருடையது பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய பெண்கள் சைக்கிள், பின்னால் பிள்ளை இருத்துகிற சீற்றும் கழற்றாமல் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் அதில் ஏறியிருந்தால் சந்திக்குச் சந்தி நக்கலடித்தே கொன்றிருப்பார்கள். மற்றவர்களுடையதும் பெரிய திறமில்லை. சுற்றிவர நின்ற சனத்தின் சைக்கிள்களோ கண்ணைப் பறித்தன. முன்னால் பெட்டி வைத்து மூன்று பிள்ளைகளை ஏற்றுகிற சைக்கிள், படுத்துக்கொண்டு ஓடுகிற சைக்கிள், பாட்டுப் பெட்டி கட்டிய சைக்கிள். மூத்தவர் ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லிக்கொண்டே வந்தார்.

நொய்கொல்னில் ஓட்டோபானுக்கு ஏறுகிற சரிவில் ஒரு மோட்டார் சைக்கிள் பொலிஸ்காரன் நின்றான். எங்களைக் கண்டு, ஏறுங்கோ என்று கையை உயர்த்திக் காட்டினான். அந்தக் கையைக் கண்டதும் தம்பி பொத்தென்று சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டான். இறங்கி, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்தபடி உருட்டத் தொடங்கினான். பின்னால் வந்த ஒரு கிழவி பிறேக் பிடித்துக் கத்தினாள். எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சென்றிப் பொயின்ற்றில் ஆமிக்காரன் கையை உயர்த்தினால் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிலிருந்து பென்சன் எடுத்த வாத்தியார் வரைக்கும் அப்படித்தான். கால் தானாக இறங்கும். பொலிஸ்காரன் சைக்கிள் பழுதோ என்று நினைத்து, சரிதானே என்று பெருவிரலை உயர்த்திக் கேட்டான். ஓடு, ஓடு என்றும் சொன்னான். தம்பி திரும்ப ஏறினான். முகம் சிவந்திருந்தது. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏ100 என்கிற அந்த ஓட்டோபான் பிறிற்ஸ் பகுதியில் நிலத்துக்குக் கீழே போகிறது. 2000ஆம் ஆண்டில் திறந்த சுரங்கம், ஒன்றே முக்கால் கிலோமீற்றர் அளவு நீளம். உள்ளே போனதும் சனம் எல்லாம் ஒரே நேரத்தில் பெல் அடிக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பெல். பிள்ளைகள் கூக்காட்டினார்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து காதை அடைத்தது. மேலே மஞ்சள் விளக்கு, முன்னாலும் பின்னாலும் முடிவு தெரியாத தலைகள். கூட்டம் நெருங்கியதில் எல்லோரும் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டோம். கால் ஊன்றியும் ஊன்றாமலும் போகவேண்டியிருந்தது.

அப்போதுதான் மூத்தவர் எங்கள் இருவருக்கும் நடுவில் சைக்கிளை விட்டுக்கொண்டு வந்து கேட்டார்.

"தம்பியவை, அண்டைக்கு இப்பிடியோ சனம்?"

அண்டைக்கு என்றால் எது என்று நாங்கள் கேட்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு. வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழும்பி, செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்த இரவு. ஏறக்குறைய ஐந்து இலட்சம் சனம். எங்கள் இருவருக்கும் அப்போது எட்டு வயது, வேறு வேறு ஊர், ஆனால் அதே றோட்டு.

"சனம் இதைவிடக் கூட அண்ணை. ஆனால் பெல் இல்லை."

பெல் அடித்து யாரை விலகச் சொல்வது? விலக இடமேது? மழை பெய்தது. லைற் இல்லை. 90ஆம் ஆண்டுக்குப் பிறகு பெற்றோல் இல்லாத ஊரில் சைக்கிள்தான் எல்லாம். சந்தைக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். றேடியோவில் செய்தி கேட்கிறதென்றாலும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவிலிருந்துதான் கரண்ட் எடுக்கவேண்டும். அந்த இரவு வீட்டுக்கு வீடு சைக்கிள் வெளியே வந்தது. ஆனால் ஏறி ஓடியவரை நாங்கள் காணவில்லை. எல்லாம் உருட்டல்தான். பார் நிறைய மூட்டை, ஹாண்டிலில் வாளியும் கோழியும். எங்களில் ஒருவருடைய வீட்டுச் சைக்கிளில் அரை மூட்டை அரிசி, மற்றவருடையதில் தையல் மெசினின் தலை. யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி பத்துக் கட்டை. சும்மா நாளில் ஒரு மணித்தியாலச் சைக்கிள் ஓட்டம். அன்றைக்கு விடிந்து மத்தியானமும் ஆகிவிட்டது.

மூத்தவர் அப்போது பேர்லினில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஊருக்கு ரெலிபோன் இல்லை. தாய் அந்த நடையில் போய்ச் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்து செத்துப்போன செய்தி இரண்டு மாதம் கழித்துக் கடிதத்தில் வந்தது. இவ்வளவும் எங்களுக்குத் தெரியும், அவர் சொல்லி அல்ல, மற்றவர்கள் சொல்லி. அவராக அதைப் பற்றிக் கதைத்தது அந்தச் சுரங்கத்தில்தான்.

"அம்மாவைச் சைக்கிளிலை இருத்தித்தான் கொண்டுபோனவை எண்டு கடிதத்திலை கிடந்தது. எனக்கு விளங்கேல்லை. வயசுபோன ஆளைக் கரியரிலை இருத்தி விடியவிடிய என்னண்டு உருட்டிறது? விழாதோ?"

இருபத்தெட்டு வருசம் இந்தக் கேள்வியை அவர் வைத்திருந்திருக்கிறார். நாங்கள் சொன்னோம். அதை ஒரு வேலை பழக்குவது மாதிரித்தான் சொன்னோம், வேறுவிதமாகச் சொல்ல எங்களுக்கு வரவில்லை. கரியரில் முதலில் தலகாணியை வைத்து ரியூப்பால் இறுக்கிக் கட்டவேண்டும். ஆளை ஒருபக்கமாக இருத்தக்கூடாது, சைக்கிள் சரியும். இரண்டு காலையும் இரண்டு பக்கம் விட்டு, சில்லுக் கம்பிக்குள் போகாமல் சீலைத்துண்டால் சேர்த்துக் கட்டவேண்டும். ஒருவர் ஹாண்டில், ஒருவர் பின்னுக்கு. எங்களில் ஒருவருடைய அப்பம்மா அப்படித்தான் வந்தவ.

"நித்திரை வராதோ?"

"வரும் அண்ணை. பின்னாலை வாற ஆள் முதுகிலை கை வைச்சுக்கொண்டுதான் நடக்கிறது. சாயிற நேரம் கைக்குத் தெரியும்."

"கை வைச்சுக்கொண்டு," என்று மட்டும் அவர் சொன்னார். பெல் சத்தத்தில் எங்களுக்கு அது சரியாகக் கேட்கவுமில்லை. பிறகு கொஞ்சம் முன்னுக்கு மிதித்துப் போனார். அந்தப் பெண்கள் சைக்கிளின் பிள்ளைச் சீற் வெறுமையாக ஆடிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனது. சுரங்கம் முடிந்து வெயிலுக்கு வரும்வரைக்கும் நாங்கள் அவரை முந்தவில்லை.

வெளியே வந்தபிறகு ரெம்பிள்கோவ் வெளியைக் கடந்தோம். 2008இல் மூடிய விமான நிலையம். 2015இல் சிரியாச் சனம் வந்தபோது அதன் விமானக் கொட்டில்களில்தான் கட்டில் போட்டு ஆயிரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். எங்கள் குசினியில் சலாட் வெட்டுகிற சிரியாக்காரரும் அங்கே இருந்தவர். அவரையும் கூப்பிட்டோம், வரவில்லை. சைக்கிள் ஓடத் தெரியாது என்றார். அதன்பிறகு வழி இலேசு. வானொலிக் கோபுரத்தடியில், 1921இல் கார்ப்பந்தயத்துக்கென்று திறந்த அவுஸ் என்கிற பாதையால் வந்த கூட்டமும் எங்களோடு வந்து சேர்ந்தது. எங்கள் தோள்மூட்டுக்காரர் அவ்வளவு அகலமான றோட்டின் நட்டநடுவில் ஒரு கையை விட்டுவிட்டு ஓடினார். வேண்டுமென்றே ஓடினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திறக்கிற கதவு ஒன்றும் இல்லை.

வெற்றித்தூணடிக்கு வந்தபோது இரண்டரை மணி. பிறாண்டன்பேர்க் வாசலை நோக்கிப் போகிற அந்த அகன்ற வீதிக்கு, 1953 ஜூன் 17இல் கிழக்கு ஜேர்மனித் தொழிலாளர் கிளர்ந்ததை நினைத்து ஜூன் 17 வீதி என்று பெயர். சைக்கிள்களைப் புல்லில் சரித்துப்போட்டுச் சனம் படுத்துக்கிடந்தது. தம்பி தன்னைப் படம் எடுக்கச் சொன்னான், பின்னால் பொலிஸ் வாகனம் தெரியத்தக்கதாக. ஏன்டா என்று கேட்டதற்கு, "அம்மாவுக்கு அனுப்ப. பொலிசுக்குப் பக்கத்திலை நிக்கிறன் எண்டு கண்டால் பிரச்சினையில்லை எண்டு நினைப்பா" என்றான். அவனுடைய தாள் அந்த ஆவணி மாதத்தில் முடிகிறது. மூன்று மாதத்துக்குப் புதுப்பிப்பார்களோ ஆறு மாதத்துக்கோ, அல்லது புதுப்பிக்கவே மாட்டார்களோ, அது படத்தில் தெரியாது.

நாரி விட்டுப்போயிருந்தது. இருந்தாலும் நான்குக்கு ஐந்து நிமிசம் இருக்க ஏப்பிரனைக் கட்டிவிட்டோம். மூத்தவர் தந்தூருக்குக் கரி போட்டார். ஐந்து மணியளவில் வெளி மேசைகள் நிறைந்தன. எட்டிப் பார்த்தால் எல்லாம் தொப்பிக்காரர், தொடைவரைக்கும் இறுகின காற்சட்டை, கதிரைகளில் தொங்குகிற ஹெல்மெற். ஒரு மேசைக்கு மட்டும் ஏழு கோழி ரிக்கா, ஏழு மாம்பழ லஸ்ஸி. பரிமாறுகிற பொடியன் துண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சைக்கிள்காரர் அண்ணை, நல்ல பசியாம், கெதியாய்த் தரட்டாம்" என்றான்.

மூத்தவர் துண்டை வாங்கிப் பார்த்தார். "நாங்களும்தானே ஓடினனாங்கள். பொறுக்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு, ஒருவரும் கேளாமலே ஒரு தட்டு அப்பளம் பொரித்து அந்த மேசைக்கு அனுப்பினார்.