ஊத்துத் தண்ணியும் ஆர்.ஓ. மிஷினும்

காப்பி பறிப்பு முடிஞ்சு இப்பத்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைச்சிருக்குது. 'சமையல் மேடை மேல வைக்கிற ஆர்.ஓ. மிஷின் வாங்கலாமா, எது நல்லது?'ன்னு டவுன்ல இருக்கிற பழகினவங்க ரெண்டு மூணு பேரு என்கிட்ட கேட்டாங்க. விவசாயிகிட்ட கேட்கிற கேள்வியான்னு நினைக்காதீங்க. போன வருசம் ஒரு வீட்டுக்கு அந்த மிஷினை வாங்கிக் கொடுத்து, இன்னொரு வீட்டுக்கு வேண்டாம்னு விட்டவன் நான். ரெண்டுக்கும் நடுவுல நான் தலைகுனிஞ்ச கதை ஒண்ணு இருக்குது. அதையும் சேர்த்தே சொல்றேன்.

எங்க வீடு கரடியூர்ல, தோட்டத்துக்கு நடுவுல. ரெண்டு ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மிளகு, நாலு பலா, ரெண்டு மாடு. வீட்டுக்கு மேல சரிவுல ஒரு ஊத்து இருக்குது. எங்க தாத்தா காலத்துல இருந்து அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறோம். அவரு மூங்கிலைப் பிளந்து தண்ணி இறக்கினாரு. எங்கப்பா இரும்பு பைப் போட்டாரு. நான் கறுப்பு ஓஸ் போட்டு டேங்குக்கு விட்டிருக்கேன். கோடையிலயும் சுண்டுவிரல் தண்டிக்கு ஓடும். வீட்டுக்கு யாரு வந்தாலும் முதல்ல ஒரு சொம்பு மொண்டு கொடுப்பேன். 'இளநி மாதிரி இருக்குதுங்க'ன்னு அவங்க வாயால சொன்னப்புறம்தான் உட்காரவே சொல்லுவேன். அவ்வளவு பெருமை.

என் பொண்ணு சேலத்துல வாடகை வீட்டுல இருக்கா. போன மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்தவ, லீவு முடியற வரைக்கும் இருக்கட்டும்னு பேரனை எங்ககிட்ட விட்டுட்டுப் போனா. அவனுக்கு அஞ்சு வயசு. நாலாம் நாள் நல்ல கோடை மழை. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு அவனுக்கு வாந்தி, வயித்துப்போக்கு. நடு ராத்திரியில வண்டி பிடிச்சு, துவண்டு போன புள்ளையை மடியில போட்டுக்கிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினோம். ஒவ்வொரு வளைவுலயும் அவன் மூக்குல கை வச்சுப் பார்த்துக்கிட்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில மூணு நாள் குளுக்கோஸ் ஏறிச்சு. டாக்டர் 'என்ன தண்ணி குடிச்சான்?'னு கேட்டாரு. 'ஊத்துத் தண்ணிங்க, அதுல ஒண்ணும் இருக்காது. திருவிழாக் கடையில ஐஸ் வாங்கித் தின்னான்'னு சொன்னேன். பொண்ணு ஒண்ணும் பேசல.

ஜூன்ல அவ மறுபடி வந்தப்போ, பஸ்ல இருந்து 20 லிட்டர் கேனோட இறங்கினா. ஊத்து ஓடுற வீட்டுக்குக் கேன் தண்ணி!

"ஊரு சிரிக்கும் கண்ணு."

"சிரிக்கட்டும்ப்பா. ஒரு ஆர்.ஓ. வாங்கி வையுங்க. அப்புறம் பையனைக் கூட்டிட்டு வர்றேன்."

அவ வீட்டுக்கும் ஒண்ணு தேவைப்பட்டுச்சு. சேலத்துக்கு மேட்டூர்ல இருந்து காவிரித் தண்ணி வருது. ஆனா அவ குடியிருக்கிற வீட்டுல காவிரியும் போர் தண்ணியும் ஒரே தொட்டியில விழுது. பருப்பு வேகாது, பாத்திரத்துல வெள்ளையா படியும். நம்ம மலை அடிவாரமே வெள்ளைக்கல்லு, அதாவது மேக்னசைட், வெட்டி எடுக்கிற பூமி. மண்ணுல இருக்கிறது தண்ணியில இறங்காம எங்க போகும்?

வீட்டுலயே வந்து காட்டறோம்னு ஒரு விற்பனைக்காரத் தம்பி வந்தாரு. ரெண்டு கண்ணாடி டம்ளர் வச்சாரு. ஒண்ணுல வீட்டுத் தண்ணி, இன்னொண்ணுல அவரு கொண்டு வந்த ஆர்.ஓ. தண்ணி. கம்பி வச்ச ஒரு கருவியை ரெண்டுலயும் இறக்கி சுவிட்சைப் போட்டாரு. ஒரு நிமிசத்துல வீட்டுத் தண்ணி சாக்கடை மாதிரி பழுப்பா ஆயிருச்சு. ஆர்.ஓ. தண்ணி அப்படியே நின்னுச்சு. "இதைத்தான் சார் நீங்க குடிச்சிட்டு இருக்கீங்க"ன்னாரு. எனக்கு வயித்தைப் புரட்டுச்சு.

என் பொண்ணு பன்னெண்டாவதுல கெமிஸ்ட்ரி படிச்சவ. அடுப்பங்கரைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு கொண்டு வந்து, அந்த ஆர்.ஓ. தண்ணியில போட்டுக் கலக்கி, "இப்பப் போடுங்கண்ணா"ன்னா. அதுவும் பழுப்பாச்சு. தம்பி, "அப்படியெல்லாம் பண்ணக்கூடாதுங்க மேடம்"னு கருவியை மடிச்சு வச்சுட்டாரு. விசயம் இவ்வளவுதான். கம்பியில ஒண்ணு இரும்பு. உப்பு இருக்கிற தண்ணியில கரண்டு பாயும். பாஞ்சா இரும்பு கரைஞ்சு துருவா வெளியே வரும். நாம பார்த்துப் பயந்தது தண்ணியில இருந்த அழுக்கு இல்ல, கம்பியோட துரு. உங்க வீட்டுக்கு யாராவது இந்தக் கருவியோட வந்தா, ஒரு சிட்டிகை உப்பைக் கையில வச்சுக்கோங்க.

அதுக்காக மிஷினே பொய்யின்னு சொல்லல. ஆர்.ஓ.ங்கிறது உப்பைப் பிரிக்கப் பிறந்தது. 1960 வாக்குல அமெரிக்காவுல, கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல, சிட்னி லோப்பும் சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்துதான் அதுக்கு ஏத்த சவ்வைச் செஞ்சாங்க. சௌரிராஜன்! பேரைப் பார்த்தாலே நம்ம பக்கத்து ஆளுன்னு தோணும். கடல் தண்ணியை அழுத்தத்தோட தள்ளினா உப்பு இந்தப் பக்கம் நிக்கும், நல்ல தண்ணி அந்தப் பக்கம் போகும். சென்னைக்கு நெம்மேலியில கடல் தண்ணியைக் குடிநீராக்குறதும் இதே வழியிலதான். உப்பு உள்ள இடத்துல அதுக்கு ஈடு கிடையாது.

உப்பு எவ்வளவுன்னு பார்க்கப் பேனா மாதிரி ஒரு மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. டி.டி.எஸ். மீட்டர்னு கேளுங்க. ஒரு லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைஞ்சிருக்குதுன்னு தோராயமாக் காட்டும். நம்ம நாட்டுக் குடிநீர் தர விதிப்படி 500 வரைக்கும் ஏத்துக்கலாம். வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம். பொண்ணு வீட்டுத் தொட்டித் தண்ணி 840 காட்டுச்சு. அவளுக்கு ஆர்.ஓ. வேணும், சந்தேகம் இல்ல.

மீட்டரைப் பையில போட்டுக்கிட்டு மலைக்கு வந்து, முதல் வேலையா ஊத்துல விட்டுப் பார்த்தேன். 62! எனக்குத் தலைகால் புரியல. உடனே போன் போட்டேன். "கண்ணு, 62 தான். 500-க்குக் கீழே இருந்தா ஆர்.ஓ.வே போடக்கூடாதுன்னு தடை பண்ணச் சொல்லி 2019-ல பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவு போட்டிருக்குதாம். உன் தாத்தா தண்ணி சுத்தம்"ன்னேன்.

அவ கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்பா, பையனுக்கு வந்தது உப்பாலயா?"ன்னு கேட்டா.

எனக்குப் பதில் வரல.

அந்த மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும். கிருமியைக் காட்டாது. சாணித் தண்ணியில நாலு சொட்டு விழுந்தாக்கூட நம்பர் பெருசா மாறாது. இது நான் தெரிஞ்சுக்க வேண்டியது, தெரிஞ்சுக்க விரும்பாதது.

பஞ்சாயத்துல தண்ணி பரிசோதனைப் பயிற்சி எடுத்த அம்மா ஒருத்தங்ககிட்ட போய்ச் சொன்னேன். ஒரு சின்னக் குப்பி கொடுத்தாங்க. அதுல தண்ணியைப் பிடிச்சு மூடி, கதகதப்பான இடத்துல ஒரு நாள், ரெண்டு நாள் வைக்கணும். மலக்கிருமி இருந்தா கறுத்துப் போகும். ராத்திரி பெய்த மழைக்கு மறுநாள் பிடிச்சு, அடுப்பு மேடை ஓரமா வச்சேன். மறுநாள் காலையில மை மாதிரி கறுத்திருந்துச்சு.

குப்பியைக் கையில வச்சுக்கிட்டு ஊத்துக்கிட்ட போய் நின்னேன். மேல புதுசா வந்த விடுதிங்க மேல பழியைப் போடலாம்னு கண்ணு அங்க போச்சு. ஆனா அதுங்க வேற சரிவு. ஊத்துக்கு நேர் மேல, முப்பது அடியில நின்னது என் மாட்டுக் கொட்டாய். எருக்குழியும் பக்கத்துலயே. பத்து வருசத்துக்கு முன்னால நான்தான் அங்க கட்டினேன், வெயில் படுற இடம்னு. மழை பெய்ஞ்சா அது கழுவி எங்க வரும்? தாத்தா விட்டுட்டுப் போன ஊத்துல சாணியைக் கலந்தது ஊரான் இல்ல, நானேதான்.

அந்த வாரமே கொட்டாயையும் எருக்குழியையும் வீட்டுக்குக் கீழ மாத்தினேன். ஊத்தைச் சுத்திக் கல்லு கட்டி, மேல மூடி போட்டேன். மேல இருந்து வர்ற மழைத் தண்ணி ஒதுங்கிப் போகறதுக்கு வாய்க்கால் வெட்டினேன். அதுக்கப்புறம்தான் மிஷின் யோசனை.

மலை வீட்டுக்கு ஆர்.ஓ. வேண்டாம்னு விட்டேன். 62-ஐ இன்னும் குறைச்சு என்ன பண்றது? நல்ல தண்ணியில ஒரு பங்கைக் கழிவா ஊத்தணும். மழைக்காலத்துல கரண்டு நிக்காது. யு.வி. விளக்கு வச்சதும் ஒத்து வராது. மழையில எங்க தண்ணி கலங்கும், கலங்கல்ல அந்த ஒளி ஊடுருவாது. கடைசியில கரண்டு இல்லாம, மேல ஊத்தினா கீழ இறங்குற யு.எஃப். சவ்வு வச்ச ஃபில்டர் வாங்கினோம். அது பாக்டீரியாவைத் தடுக்கும். அதைவிடச் சின்ன வைரஸ் எல்லாத்தையும் தடுக்கும்னு நம்ப முடியாது. அதனால குடிக்கிற தண்ணியைக் காய்ச்சவும் செய்யறோம். எங்க உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர். இங்க தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சிரும். ஆனாலும் தளதளன்னு ஒரு நிமிசம் கொதிச்சா கிருமி சாகும்.

சேலத்துக்கு மேடை மேல வைக்கிற ஆர்.ஓ. வாங்கிக் கொடுத்தேன். வாடகை வீடு, சுவத்துல ஓட்டை போட முடியாது. இதுக்குக் குழாய் வேலை கிடையாது. தொட்டியில ஊத்தி, பிளக்கைச் சொருகினா போதும். வாங்கும்போது நாங்க பார்த்தது நாலு விசயம். ஐ.எஸ்.ஐ. முத்திரை. ஊத்தினதுல எவ்வளவு நல்ல தண்ணி வருது. ஃபில்டரும் சவ்வும் மாத்த வருசத்துக்கு எவ்வளவு ஆகும். அந்த உதிரி உள்ளூர்லயே கிடைக்குமா. மிஷின் விலையைப் பார்த்து வாங்கி, சவ்வு விலையில மாட்டிக்கிறவங்கதான் ஜாஸ்தி.

5 லிட்டர் ஊத்தினா 3 லிட்டர் நல்ல தண்ணி, 2 லிட்டர் கழிவு. அந்தக் கழிவு 2,000-க்குப் பக்கம் காட்டுது. அதைத் தரை துடைக்க, கக்கூஸுக்கு ஊத்த வச்சுக்கோங்க. மாடியில இருக்கிற ரோஜாத் தொட்டிக்கு ஊத்தாதீங்க. உப்பேறின மண்ணு திரும்ப மண்ணாகறது கஷ்டம், விவசாயி சொல்றேன். நல்ல தண்ணி எவ்வளவுன்னு பார்த்தேன். 58. பணம் கொடுத்து, கரண்டு கொடுத்து அந்த மிஷின் செய்யறது, இந்த மலை சும்மா கொடுக்கிற தண்ணியைத்தான். அதை நாம கெடுக்காம இருந்தா சரி.

நீங்களும் கடைக்குப் போறதுக்கு முன்னால தண்ணியைப் பாருங்க. உப்புக்கு மீட்டர், கிருமிக்குக் குப்பி. தருமபுரி பக்கம் மாதிரி ஃபுளோரைடு உள்ள ஊருன்னா ரெண்டும் போதாது. குடிநீர் வடிகால் வாரியத்தோட பரிசோதனைக் கூடத்துல கட்டணம் கட்டிப் பாருங்க. ஃபுளோரைடு காய்ச்சினா போகாது, ஆர்.ஓ.வுக்குப் போகும்.

கொட்டாயை மாத்தினப்புறம் வச்ச குப்பி கறுக்கல. ஐப்பசி அடைமழையில ஒரு தடவை மறுபடி கறுத்துச்சு. அதனால காய்ச்சறதை நிறுத்தல.

பொங்கலுக்குப் பேரன் வந்தான். பொண்ணு கையில கேன் இல்ல. சொம்புல தண்ணி கொடுத்தேன். வாயில வைக்கிறதுக்கு முன்னால, "தாத்தா, இது காய்ச்சினதா?"ன்னு கேட்டான்.

"காய்ச்சினதுதான் சாமி"ன்னேன். குடிச்சிட்டு விளையாடப் போயிட்டான். எப்படி இருக்குதுன்னு நான் கேட்கல.