கடைசியாகக் கை பட்ட இடம்

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருந்த வீடுகளில் டீசல் வாடை கொடித் துணியில்கூட இருக்கும். அப்பாவின் சட்டையை அம்மா தனி வாளியில்தான் ஊறவைப்பாள். அந்த வாடை எங்கே வந்தாலும் எனக்கு எங்கள் டாடா 1210தான் நினைவுக்கு வரும். அதிலும் அது ஸ்டார்ட் ஆகாமல் பட்டறையில் நின்ற கோலம்.

இன்ஜின் வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. ஸ்லீவ், பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசு. ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்று அப்பா டர்போவும் போடச் சொல்லியிருந்தார். டர்போ வந்தால் உள்ளே போகும் காற்று கூடும், அதற்குத் தக்கபடி டீசலும் கூட வேண்டும். அதனால் பம்பைக் கழற்றிப் பம்புக் கடையில் அளவு மாற்றி மாட்டியிருந்தார்கள். சாவியைத் திருப்பினால் செல்ப் நன்றாகவே சுற்றியது. சைலன்சரில் வெள்ளைப் புகை தள்ளியது. ஒரு தரம் இருமும், பிறகு ஒன்றுமில்லை.

கூடியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நாசில் ஒழுகுது, ரிங் படியலை, கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டை இறக்கு. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துப் பார்க்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். எனக்கு இன்றுவரை அறவே பிடிக்காத யோசனை அது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு போய்விடும். புது ரிங்கும் புது ஸ்லீவும் ஆயில் இல்லாமல் உரசினால், கொட்டிய பணம் அத்தனையும் அங்கேயே தேய்ந்து போகும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, பொறி கிடையாது. காற்றைப் பதினாறு பதினேழு மடங்கு அமுக்கினால் அது ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாகும். அந்த நொடியில் டீசல் பீய்ச்சினால் தானாகப் பற்றும். ருடால்ஃப் டீசல் ஆக்ஸ்பர்க்கில் 1893-லிருந்து இதோடு மல்லுக்கட்டி, 1897-இல்தான் சொன்னபடி ஓடும் இன்ஜினைக் காட்டினார். லாரிக்குள் அடங்கும் அளவில் நம்பகமான பம்பு கிடைக்க அதற்குப் பிறகும் முப்பது வருஷம் ஆனது. பாஷ் கம்பெனி வரிசைப் பம்புகளை மொத்தமாகத் தயாரிக்கத் தொடங்கியது 1927-இல். எங்கள் ஊர் லாரிகளில் அதன் வாரிசாக பெங்களூரு மைக்கோ பம்பு உட்கார்ந்திருக்கும். அந்த முப்பது வருஷ இடைவெளியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். காற்றைச் சூடாக்குவது ஒரு வேலை. சரியான நொடியில் டீசலைக் கொடுப்பது வேறொரு வேலை, அதைவிடக் கடினமான வேலை.

மேஸ்திரி வந்தவுடன் ஸ்பேனரைத் தொடவில்லை. "கடைசியா எதுலெல்லாம் கை வெச்சீங்க?" என்று கேட்டார். எந்த வண்டியானாலும் அவர் அதைத்தான் முதலில் கேட்பார். வேலைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த வண்டி வேலைக்குப் பின்னால் ஓடவில்லையென்றால், கழற்றி மாட்டிய இடத்தில்தான் கோளாறு இருக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு பலித்ததை வேறு வண்டிகளிலும் பார்த்திருக்கிறேன். ஒரு லேலண்டில் சேஸிஸுக்கு பெயின்ட் அடித்துவிட்டு எர்த் பட்டையைப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருந்தார்கள். 24 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் இருந்தும் செல்ப் முனகியது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டியவுடன் சரியானது. இன்னொரு வண்டியில் ஸ்டாப் லிவர். புது டர்போவில் ஆயில் ஏறும்வரை ஸ்டாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் செல்ப் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் பேரிங் போய்விடும். அதைச் சரியாகவே செய்தவர்கள், லிவர் முழுசாகத் திரும்பி வந்ததா என்று பார்க்கவில்லை. சைலன்சரில் துளிப் புகை இல்லை. புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. ஸ்டாப் கேபிளைப் பார்க்க வேண்டும், பிறகு ஏர். ஃபில்டர் மேலிருக்கும் ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரையாக வரும். நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் வண்டியில் புகை வந்தது, வெள்ளையாக வந்தது. டீசல் போகிறது, எரியவில்லை. மேஸ்திரி முதல் சிலிண்டருக்குப் போகும் பைப் நட்டை மட்டும் கொஞ்சம் தளர்த்தி, எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். அந்த அழுத்தத்தில் தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்துவிடும். செல்ப் அடித்ததும் விட்டுவிட்டு நன்றாகப் பீய்ச்சியது. பம்பு வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. நட்டை இறுக்கிவிட்டு டாப்பெட் மூடியைத் திறந்தார். பம்பு முதல் சிலிண்டருக்குக் கொடுக்கும் குறி பிளைவீலில் வரும்வரை இன்ஜினைச் சுற்றச் சொல்லிப் பட்டறைப் பையனை நிறுத்தினார்.

"குறி வந்துச்சா தம்பி?"

"வந்துச்சுங்ணா. பம்புக் குறியும் சேர்ந்துதான் நிக்குது."

முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரையும் கட்டைவிரலால் அசைத்துப் பார்த்தார். டீசல் பீய்ச்சும் நேரத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். ராக்கர்கள் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை. ஒன்று மூடி முடிக்க, மற்றது திறக்கத் தொடங்கும் நிலையில் இரண்டும் இறுகி நின்றன. கடைசிச் சிலிண்டருக்குப் போய் அங்கே அசைத்தார், ஆடின. விஷயம் அவ்வளவுதான். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் பம்பு ஒரு சுற்று. பிளைவீலில் அந்தக் குறி இரண்டு தரம் வரும், அதில் ஒன்றுதான் சரி. 1-5-3-6-2-4 என்ற வரிசையில் ஒன்று வெடிக்க வேண்டிய நேரத்தில் பம்பு ஒன்றுக்குக் கொடுத்தால் சரி, இங்கே அப்படியில்லை. ஆறு வெடிக்கக் காத்திருக்க, பம்பு ஒன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. புகையை வெளியே தள்ளும் சிலிண்டரில் போய் டீசல் விழுந்தால் எப்படிப் பற்றும்?

பம்பை இறக்கி, இன்ஜினை ஒரு முழுச் சுற்று சுற்றவைத்து, திரும்ப மாட்டி, ஏர் எடுத்தார்கள். முதல் செல்ப்பிலேயே பிடித்துக்கொண்டது. பட்டறை முழுக்க வெள்ளையாகப் புகைந்து, பிறகு தெளிந்தது. ஹெட்டை யாரும் தொடவில்லை.

இப்போது வரும் பிஎஸ்-6 வண்டிகளில் அந்தப் பம்பு இல்லை. காமன் ரெயில், சென்சார், ஸ்கேனர். ஆனால் அங்கேயும் கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் ஒத்துப்போனால்தான் டீசல் இறங்கும். கழற்றிய சாக்கெட் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் வண்டி நின்றுவிடும். மேஸ்திரியின் கேள்விக்கு அங்கேயும் வேலை இருக்கிறது.

இன்ஜின் வேலை முடிந்து ஸ்டார்ட் ஆகாத வண்டி உங்களிடம் நின்றால், ஹெட்டை இறக்கச் சம்மதிக்காதீர்கள். எர்த், ஸ்டாப் லிவர், ஏர், டைமிங் நான்கையும் முதலில் உங்கள் கண்முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பொழுது சாயும்வரைகூட ஆகாது. புதுச் சாமான் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.