நிலவுப் பயணத்தில் ஒரு இசிஜி


நிலவுக்கு ரோபோவை அனுப்புவதற்கும் மனுஷனை அனுப்புவதற்கும் என்ன வித்தியாசம்? ஆக்சிஜன், சாப்பாடு, செலவு என்று பட்டியல் போடுவோம். ஒரு மருத்துவரா எனக்குத் தோன்றுவது வேற. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

நாசா முதலில் ரோபோக்களைத்தான் இறக்கியது. 1966 முதல் 1968 வரை 7 சர்வேயர் கலங்கள் போயின. அதில் 5 பத்திரமாகத் தரையிறங்கின. நிலவின் மண் பாரம் தாங்குமா என்று காட்டியது அவைதான். மீதி 2 தோற்றுப்போயின. நஷ்டம்தான், ஆனால் எந்த வீட்டிலும் இழவு விழவில்லை.

இப்போ 1971க்கு வாங்க. அப்போலோ 15.

ஜூலை 30 அன்று டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் நிலவில் இறங்கினார்கள். கிட்டத்தட்ட 67 மணி நேரம் அங்கே இருந்தார்கள். மூன்று முறை வெளியே போய், மொத்தம் 18 மணி நேரத்துக்கும் மேல் வேலை. விறைப்பான சூட்டுக்குள் வியர்த்துக் கொட்டுகிற உழைப்பு. இதில் இர்வினின் சூட்டில் இருந்த குடிநீர்ப் பை வேற சரியா வேலை செய்யலை.

நிலவிலிருந்து கிளம்பி தாய்க்கலத்தோடு இணைந்த பிறகு, ஹூஸ்டனில் இருந்த மருத்துவர்கள் இர்வினின் இசிஜியில் ஒன்றைக் கவனித்தார்கள். ஒரு இயல்பான துடிப்பு, அடுத்து முந்திக்கொண்டு வரும் ஒரு துடிப்பு, மறுபடி இயல்பு, மறுபடி முந்தல். இதற்குப் பெயர் பைஜெமினி.

நைட் டியூட்டியில் மானிட்டரில் இது ஓடினால் நாங்க கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, "பொட்டாசியம் எவ்வளவு?"

அவர்களும் அதைத்தான் சந்தேகப்பட்டார்கள். உடலில் பொட்டாசியம் குறைந்ததும் கடும் களைப்பும் சேர்ந்து இதைச் செய்திருக்கலாம் என்பது அன்றைய கணிப்பு.

சரி, இர்வினிடம் என்ன சொன்னார்கள்?

அப்போது எதுவும் சொல்லவில்லை.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கலத்துக்குள் தூய ஆக்சிஜன், எடையில்லா நிலை, தொடர்ந்து இசிஜி கண்காணிப்பு. ஐசியூவில் சேர்த்திருந்தாலும் ஏறக்குறைய அதைத்தான் செய்திருப்பார்கள். சொன்னால் பயம்தான் கூடும் என்று நினைத்திருக்கலாம்.

ஆனால் ஆகஸ்ட் 5 அன்று, திரும்பி வரும் வழியில், ஆல்ஃபிரட் வோர்டன் விண்வெளியில் நடந்தபோது அவருக்குத் துணையாகக் கலத்தின் வாசலில் நின்றது இதே இர்வின்தான். தன் இதயம் என்ன செய்தது என்று தெரியாமலேயே நின்றார்.

1973இல் அவருக்கு மாரடைப்பு வந்தது. தப்பித்தார். 1991இல் மறுபடி மாரடைப்பு, 61 வயதில் இறந்தார். அன்றைக்கே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை.

நாசா பாடம் கற்றது. 1972இல் அப்போலோ 16 வீரர்களுக்குப் பொட்டாசியம் சேர்த்த ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தது. அது வயிற்றில் வாயுவைக் கிளப்புவதாக ஜான் யங் புலம்பியது, மைக் ஆன் ஆகி இருந்ததால் பூமி வரை கேட்டது! மருந்துப் பெட்டியில் இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்துகளும் சேர்ந்தன.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். ரோபோவின் பேட்டரி இறங்கினால் அது பொறியாளருக்குத் தெரிந்தால் போதும். மனுஷனின் இசிஜி அப்படி இல்லை. அதைப் படிப்பது மருத்துவராக இருக்கலாம், சொந்தக்காரர் அந்த மனுஷன்தான்.

"டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று வார்டு வாசலில் கையைப் பிடித்துக் கேட்கும் பிள்ளைகளின் பாசம் எனக்குப் புரியுது. ஆனால் தெரிந்தால்தானே அப்பா மாத்திரையை ஒழுங்கா போடுவார்? படி ஏறும்போது மூச்சு வாங்கினால் நிற்பார்?

நிலவுக்கு மனுஷன் தாராளமா போகட்டும். அவன் உடம்பைப் பற்றி முதலில் அவனுக்குச் சொல்லுங்க. உங்க ரிப்போர்ட்டையும் நீங்க கேட்டு வாங்குங்க. புரியலைன்னா மறுபடி கேளுங்க.

பின்குறிப்பு: இதைப் படிச்சிட்டு யாரும் நீங்களா பொட்டாசியம் மாத்திரை வாங்கிப் போடாதீங்க. குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவங்க ரொம்பவே கவனம்.