ஜெயித்தால் பிரன்சன், தோற்றால் யங்

அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் பார்க்கிறவர்களிடம் ஒரு பழைய சண்டை உண்டு. 2017-18 சீசனில் யார் பெரிய பாயிண்ட் கார்ட்? ஒக்லஹோமாவின் ட்ரே யங்கா, வில்லனோவாவின் ஜேலன் பிரன்சனா?

தெரியாதவர்களுக்கு: பந்தைக் கொண்டுவந்து, அதை யாருக்கு எப்போது தருவது என்று முடிவு செய்கிற ஆள்தான் பாயிண்ட் கார்ட். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி. எந்த இலையில் என்ன தீர்ந்தது என்று கண் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் யங். அப்போது 19 வயது. நார்மன் ஊரில் வளர்ந்து அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பையன். ஆட்டத்துக்கு 27.4 புள்ளி, 8.7 அசிஸ்ட். ஒரே சீசனில் இரண்டிலும் நாட்டில் முதலிடம் என்பதை அவருக்கு முன்னால் டிவிஷன் ஒன்றில் யாரும் செய்ததில்லை. டிசம்பரில் ஒரே ஆட்டத்தில் 22 அசிஸ்ட் கொடுத்து தேசிய சாதனையைச் சமன் செய்தார். அடுத்த ஸ்டீஃபன் கரி இவர்தான் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். ஜனவரி நடுவில் ஒக்லஹோமா 14 வெற்றி, 2 தோல்வி, தரவரிசையில் 4வது இடம்.

அப்புறம் ஆடிய 16 ஆட்டத்தில் 4 மட்டும்தான் ஜெயித்தது.

கன்சாஸ் ஸ்டேட்டுடன் யங் ஒருவரே 12 டேர்ன்ஓவர். (வணிகவியல் மாணவர்களுக்கு டேர்ன்ஓவர் ஏறினால் சந்தோஷம். இங்கே கதை தலைகீழ், பந்தை எதிரியிடம் தொலைப்பது என்று அர்த்தம் :-)) அடுத்த ஆட்டத்தில் ஒக்லஹோமா ஸ்டேட்டுடன் 39 முறை வீசி 48 புள்ளி எடுத்தார், அணி 2 புள்ளியில் தோற்றது. அவ்வளவுதான். டிசம்பரில் 'மாயாவி' ஆக இருந்தவர் ஜனவரி கடைசியில் 'சுயநலக்காரர்' ஆகிவிட்டார். பிப்ரவரியில் டெக்சஸ் டெக் மைதானத்துக்குப் போனபோது கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கெட்ட வார்த்தையில் கோஷம் போட்டது. அவருடைய அப்பா ஒரு காலத்தில் ஆடிய கல்லூரி அது! டிக்கெட் வாங்கிவிட்டால் 19 வயசுப் பையனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் போல.

அந்தப் பக்கம் பிரன்சன். மூன்றாம் ஆண்டு மாணவர், நிதானமான ஆள். 18.9 புள்ளி, 4.6 அசிஸ்ட். டேர்ன்ஓவர் ஆட்டத்துக்கு 2கூட வராது. யங்குக்கோ 5க்கு மேல். தன்னைவிடக் குட்டையான கார்ட் மாட்டினால் முதுகைக் காட்டி நின்று, கூடைக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டே போய்ப் போடுவார். பார்க்க அலங்காரமாக இருக்காது, ஆனால் விழும். வில்லனோவா 36 வெற்றி, 4 தோல்வி, சாம்பியன். ஆண்டின் சிறந்த வீரருக்கான நெய்ஸ்மித், வுடன் விருதுகள் இரண்டும் அவருக்கே. தகுதியான ஆள்தான், அதில் சண்டையே இல்லை.

சண்டை, ரசிகர்கள் அதற்குச் சொன்ன காரணத்தில். 'பிரன்சன் ஜெயிக்கத் தெரிந்தவர், யங் வெறும் கணக்கு சேர்ப்பவர்.'

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அசிஸ்ட் என்பது பாதி அடுத்தவர் கையில் இருக்கிற கணக்கு. பாஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கினவர் கூடையில் போட்டால்தான் அது ஏட்டில் ஏறும், தவறவிட்டால் சுவடே இருக்காது. பிரன்சனைச் சுற்றி இருந்தவர்கள் யார்? மிகல் பிரிட்ஜஸ், டான்டே டிவின்சென்சோ, ஒமாரி ஸ்பெல்மன். பிரன்சனோடு சேர்த்து நாலு பேரும் அந்த ஜூனிலேயே என்பிஏ டிராஃப்டில் போனார்கள். ஒக்லஹோமாவிலிருந்து போனது யங் மட்டும். பந்தியில் பரிமாறுகிறவரே அடுப்படிக்கும் ஓடிச் சமைத்தால் நாலு வடை கருகத்தான் செய்யும். அந்த 39 வீச்சு பேராசையா, வேறு வழி இல்லாமையா என்று ஸ்கோர் அட்டையை மட்டும் பார்த்தால் தெரியாது.

இன்னொன்று. ஏப்ரல் 2ஆம் தேதி மிச்சிகனுடன் இறுதி ஆட்டம். பிரன்சனுக்கு சுமாரான நாள், 9 புள்ளிதான். பெஞ்சிலிருந்து வந்த டிவின்சென்சோ 31 அடித்தார், வில்லனோவா 79-62 என்று ஜெயித்தது. யங்கின் கடைசிக் கல்லூரி ஆட்டம் ரோட் ஐலண்டுடன். 28 புள்ளி எடுத்தார், கூடுதல் நேரத்தில் அணி தோற்றது. 9 எடுத்தவர் 'ஜெயிக்கத் தெரிந்தவர்', 28 எடுத்தவர் 'தோற்பவர்'. இதை நேராக நின்று சொல்லிப் பார்த்தால் சொல்பவருக்கே சிரிப்பு வரும்.

பிற்பாடு நடந்தது இன்னும் வேடிக்கை. 'ஜெயிக்கத் தெரியாத' யங் 2021ல் அட்லாண்டாவை கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்று வரை கொண்டுபோனார். 'நல்ல அணியால் பிழைத்த' பிரன்சன் 2023-24ல் நியூயார்க்குக்காக ஆட்டத்துக்கு 28.7 புள்ளி அடித்தார்.

ரசிகர்களை மட்டும் திட்டுவானேன். 2018 டிராஃப்டில் 5வதாக யங்கையும் 33வதாக பிரன்சனையும் எடுத்தது ஒரே அணி, டல்லஸ். யங்கை அன்றைக்கே லூகா டான்சிச்சுக்காக அட்லாண்டாவுக்கு மாற்றிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. 2022ல் பிரன்சனையும் சும்மாவே கைநழுவ விட்டது.